வழியில் நிற்காத வண்டி

சுதந்திரம் வந்த இரண்டாம் வருஷம், மாசி மாதத்தில், எங்கள் செஞ்சிக்கு ஒரு கமிட்டி வந்தது. அம்மை வந்தால் வேப்பிலை கட்டுவோம். வெள்ளம் வந்தால் மேட்டில் ஏறி உட்காருவோம். கமிட்டி வந்தால் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் மாலை போட்டு வரவேற்றுவிட்டோம். முதல் தப்பு அதுதான்.

'பழைய மோட்டார் வண்டிகளின் நம்பகத் தன்மை ஒப்பீட்டு விசாரணைக் கமிட்டி' என்பது அதன் பெயர். சொல்லி முடிப்பதற்குள் திண்டிவனம் பஸ்ஸே போய்விடும், அது போகிற வண்டியாக இருந்தால். உள்நாட்டில் செய்த பழைய கார் நம்பகமானதா, சீமையிலிருந்து வந்த பழைய கார் நம்பகமானதா என்று பார்த்துச் சொல்வது கமிட்டியின் வேலை. சீமைக் கார் தேறவில்லை என்றால் அதை இனிமேல் சாலையில் ஓட்டக் கூடாது. இந்தக் கூத்தை மெட்ராஸிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம். அங்கே தெருவுக்குத் தெரு கார் நிற்கிறது. ஆனால் நிறைய கார் இருந்தால் நிறைய அபிப்பிராயம் வந்துவிடுமாம். செஞ்சியில் இருந்தது மொத்தமே இரண்டு கார். ஒன்று உள்நாடு, ஒன்று சீமை. இப்படிச் சுத்தமாகப் பிரிந்து கிடக்கிற ஊர் மாகாணத்திலேயே வேறில்லை என்று கண்டுபிடித்து வந்து இறங்கிவிட்டார்கள். டிராவலர்ஸ் பங்களா சமையல்காரர் வைக்கும் கோழிக் குழம்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

என் பெயர் ராஜாராம். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். எனக்கும் காருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று என்னைப் பொதுச்சாட்சியாகப் பிடித்துப் போட்டார்கள். கமிட்டி எதைச் செய்தாலும் நான் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வியாபாரம் நடக்கிற நேரத்தில் கடையைச் சாத்த வைத்து, என்னைக் காருக்கு அடியில் படுக்கச் சொல்லி, "தெரிகிறதா?" என்று கேட்டார்கள். கறுப்பாகத் தெரிகிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

சீமைக் கார் லூர்துநாதனுடையது. லூர்துநாதன் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் சமையல் வேலை பார்த்தவர். பாதிரியார் தன் தேசத்துக்குத் திரும்பும்போது, காரைக் கப்பலில் ஏற்றுவதைவிட சமையல்காரனுக்குக் கொடுத்துவிடுவது லேசு என்று கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது வாடகைக் கார். பிரசவ வலி எடுத்தவளை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அது. திண்டிவனம் பஸ் வழியில் படுத்துக்கொள்ளும்போதெல்லாம் ஜனங்களை ரயிலுக்குச் சேர்த்ததும் அதுதான். சண்டைக் காலத்தில் சீமையிலிருந்து ஒரு திருகாணிகூட வரவில்லை. கார் என்ன, சண்டை முடியட்டும் என்று காத்திருக்குமா? குலுக்கல் தாங்குகிற வில் ஒடிந்தபோது கொல்லன் கன்னியப்பன் மாட்டு வண்டிப் பட்டையை அடித்து வில் செய்து கொடுத்தான். ரேடியேட்டர் ஒழுகியபோது பாத்திரக்காரர் ஒரு அண்டாவை அறுத்து ஒட்டுப் போட்டார். கதவும் கூரையும் தொண்டூர் தச்சர் வேப்பம் பலகையில் செய்தவை. இப்படியே ஒவ்வொன்றாக மாறி, பாதிரியார் திரும்பி வந்து பார்த்தால் தன் வண்டி என்று நம்பமாட்டார். ஆனால் ஓடியது. முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும், எஞ்சின் கிளம்பிவிடும்.

உள்நாட்டுக் கார், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருக்கும் அரிகிருஷ்ணனுடையது. வடக்கே ஏதோ ஒரு கம்பெனி செய்தது. அதை வாங்கிய நாளிலிருந்து அவர் பேச்சில் 'தேசம்' என்கிற சொல் அதிகமாகிவிட்டது. கார் மண்டிக் கொட்டகையில் நிற்கும். ஆயுத பூஜை அன்று மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் வெளியே தள்ளிக்கொண்டு வந்து, தேங்காய் உடைத்துவிட்டு, திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள். ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால், "வண்டி ரெஸ்ட் எடுக்குது" என்பார்.

லூர்துநாதனுக்கு ஒரே மகள், இருதயமேரி. ஈஸ்டர் முடிந்த மறு வாரம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை செபாஸ்தியான் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். பையனிடம் லைசென்ஸ் இருந்தது, வண்டி இல்லை. பெண் வீட்டில் வண்டி இருந்தது, ஓட்ட வாரிசு இல்லை. மாப்பிள்ளையின் தகப்பன் அருளானந்தம் பேச்சு நடந்த அன்றே சொல்லிவிட்டார்: "நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம். காரு ஓடணும். ஓடுற காரை நம்பித்தான் பையனை இங்க அனுப்புறோம்." அதனால் காரைக் கமிட்டி கேட்கிறது என்று ஆள் வந்து சொன்னதும் லூர்துநாதன் நேராகப் பங்களாவுக்கு ஓடினார்.

"நாலே நாள்தான், கவலைப்படாதீர்" என்றார் கமிட்டித் தலைவர் ராமகிருஷ்ணன்.

ராமகிருஷ்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் முன்பு வரை அவர் பெயருக்கு முன்னால் வெள்ளைக்காரன் கொடுத்த பட்டம் ஒன்று இருந்தது. இப்போது பட்டம் போய்க் கதர் வந்திருந்தது. தொப்பை மட்டும் இரண்டு ஆட்சியிலும் நிலையாக இருந்தது. வந்த மறுநாளே பஸ் நிற்கும் இடத்தில் மேடை போட்டுப் பேசினார்.

"மகாஜனங்களே, நான் முப்பது வருஷமாகக் காரில் போகிறவன். ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. என் கார் நின்றபோதெல்லாம் சர்க்கார் வேறு கார் அனுப்பியது. ஆகவே நம்பகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இந்தக் கமிட்டி எந்த முடிவையும் கையில் எடுத்துக்கொண்டு வரவில்லை. முடிவு மெட்ராஸில் பத்திரமாக இருக்கிறது. உள்நாட்டுக் காரே உயர்ந்தது என்பதை எந்தப் பாரபட்சமும் இல்லாமல் நிரூபிப்பது ஒன்றே எங்கள் கடமை."

எல்லாரும் கை தட்டினோம். அரிகிருஷ்ணன் எழுந்து நின்று தட்டினார்.

கமிட்டியின் காரியதரிசி விநாயகம். ஒல்லியான மனிதர், யார் வீட்டிலும் ஒரு டம்ளர் மோர்கூடக் குடிக்கமாட்டார். காசு வாங்குகிறவராக இருந்திருந்தால் எங்கள் ஊர் பிழைத்திருக்கும். இவர் நேர்மையானவர். விதியைத் தவிர வேறெதற்கும் அசையமாட்டார். மூன்றாவதாக இயந்திர நிபுணர் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். கடைசி வரை அவர் வந்துகொண்டே இருந்தார்.

முதல் நாள் பரீட்சை, இரண்டு காரும் தொண்டூர் போய்த் திரும்ப வேண்டும். லூர்துநாதன் கைப்பிடியைச் சுற்றினார். கார் உறுமிக்கொண்டு எழுந்தது. அடுத்தது அரிகிருஷ்ணன் முறை. மண்டி ஆட்கள் மாறி மாறிச் சுற்றினார்கள். வேட்டி அவிழ்ந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியது. விநாயகம் ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

"சமநிலை விதி. ஒப்பிடப்படும் இரு வண்டிகளும் ஒரே நிலையில் இருத்தல் வேண்டும். இப்போது ஒரு வண்டி கிளம்புகிறது, இன்னொன்று கிளம்பவில்லை. இப்படி இருந்தால் எப்படி ஒப்பிடுவது?"

"கிளம்பாததைக் கிளப்புங்க சார்" என்றார் லூர்துநாதன்.

"அதற்கு நிபுணர் வர வேண்டும். அவர் வரும்வரை, கிளம்புவதை நிறுத்துகிறோம்."

"ஓடுற வண்டியத்தான சார் ஓடுதுன்னு சொல்லணும்?"

"ஐயா, அதற்குப் பெயர்தான் பாரபட்சம்" என்று சொல்லிவிட்டு விநாயகம் சீமைக் காரைக் கிளப்புகிற பிளக்குகளைக் கழற்றச் சொன்னார். கழற்றி, துணியில் சுற்றி, அரக்கு வைத்துச் சீல் போட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். பரீட்சை முடிவு: கிளம்பும் திறன், சமம்.

அன்று ஆரம்பித்தது. உள்நாட்டுக் காரில் ஒரு டயருக்குக் காற்றில்லை, ஆகவே சீமைக் காரிலும் ஒரு டயரின் காற்றை இறக்கினார்கள். அதன் விளக்குக் கம்பியை மண்டி எலி கடித்திருந்தது. எலியைத் தேடிக் கொண்டுவர முடியாததால் இதன் கம்பியை விநாயகம் கத்திரியால் வெட்டினார். அதன் பின் சீட்டில் ஒரு கோழி முட்டையிட்டு வைத்திருந்தது. அதற்கென்ன செய்வது என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தார்கள். கடைசியில் லூர்துநாதன் வீட்டுக் கோழியைப் பிடித்து வந்து சீமைக் காரில் அடைத்தார்கள். அது முட்டையிடவில்லை. சீமைக் காருக்கு ஒரு குறை என்று எழுதிக்கொண்டார்கள்.

நடுவில் சாமி விஷயம் வேறு. லூர்துநாதன் காரில் அந்தோணியார் படம் இருந்தது. புதுவருஷம் தோறும் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அரிகிருஷ்ணன் காரில் விபூதிப் பட்டையும் சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழங்களும். எந்தக் காருக்கு எந்த உதவி எவ்வளவு கிடைத்திருக்கிறது என்று தெரியாமல் நம்பகத்தை அளக்க முடியாது என்றார் விநாயகம். ஆகவே குருக்களைக் கூப்பிட்டு லூர்துநாதன் காருக்குப் பூசணிக்காய் சுற்றிப் போட்டார்கள். சாமியாரைக் கூப்பிட்டு அரிகிருஷ்ணன் காருக்குத் தீர்த்தம் தெளித்தார்கள். குருக்களும் சாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு சேர்ந்தே வீடு திரும்பினார்கள். அந்தக் கமிட்டியால் ஊருக்கு நடந்த ஒரே நல்லது அதுதான்.

லூர்துநாதன் மனைவி பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. "தவக்காலம் பாதி போயிடுச்சு. நாலு நாளுன்னு சொன்னாங்க. ஒண்ணொண்ணா பிடுங்கினு போறாங்க. எம் பொண்ணு கல்யாணத்துக்கு எதுங்க மிஞ்சும்?" என்று என் கடையில் வந்து நின்று அழுதாள். முகூர்த்தச் சேலை எடுக்க வந்தவள், எடுக்காமலே போனாள். விரித்துப் போட்ட சேலைகளைத் திரும்ப மடித்து அடுக்கினேன்.

அடுத்தது மலையேறும் பரீட்சை. மெட்ராஸில் அச்சடித்த விதியில், 'வண்டிகள் அருகிலுள்ள மலையில் ஏற்றிப் பார்க்கப்பட வேண்டும்' என்று இருந்தது. எங்களுக்கு அருகிலுள்ள மலை ராஜகிரி. அதில் கோட்டை இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, குரங்கு இருக்கிறது. சாலை இல்லை. இதைச் சொன்னேன். "ராஜாக்கள் எப்படி ஏறினார்கள்?" என்று கேட்டார் தலைவர். நடந்து என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

இரண்டு காரும் அசையாத நிலையில் இருந்ததால், கமிட்டி வந்திருந்த சர்க்கார் காரில் கயிற்றைக் கட்டி ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய் முதல் படியில் முட்ட வைத்தார்கள். இரண்டும் ஏறவில்லை. மலையேறும் திறன், சமம். தலைவர் குஷியாகிவிட்டார். இருட்டுவதற்குள் பங்களாவுக்குத் திரும்பலாம் என்று சர்க்கார் காரில் ஏறி உட்கார்ந்தார். விநாயகம் கதவருகே வந்து நின்றார்.

"சார், இறங்க வேண்டும்."

"எதற்கு?"

"இந்த வண்டியும் பரீட்சையில் பங்கெடுத்துவிட்டது. சமநிலை விதி இதற்கும் பொருந்தும். பிளக்கைக் கழற்ற வேண்டும்."

"ஏனய்யா, இது சர்க்கார் வண்டி."

"விதியில் தாங்கள்தான் சார் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று தாளைக் காட்டினார் விநாயகம். அதில் கையெழுத்து இருந்தது. பிளக்குகளைக் கழற்றி அரக்கு வைத்து, அன்றைக்கே ரிஜிஸ்தர் தபாலில் மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார். தலைவர் பங்களாவுக்கு மாட்டு வண்டியில் போனார். போகிற வழியெல்லாம் மாட்டுக்காரனிடம், அந்த மாடு உள்நாடா என்று கேட்டுக்கொண்டு போனாராம்.

குருத்தோலை ஞாயிறு கழிந்து அருளானந்தமும் செபாஸ்தியானும் வந்தார்கள். கார் மாதா கோயில் பக்கத்துக் காலி மனையில் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. அருளானந்தம் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"இன்னா மச்சான் இது?"

"பரீட்சை நடக்குது மச்சான். முடிஞ்சதும் குடுத்துடுவாங்க" என்றார் லூர்துநாதன். அவருக்கே அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை.

"நான் சுத்தி வளைச்சுப் பேசுற ஆளு இல்ல. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு இந்தக் காருல கோயிலுக்கு வரட்டும். வந்தா மோதிரம் மாத்தலாம். வரலன்னா, எம் பையன் பொழப்பத்து இங்க வந்து இன்னா பண்ணுவான்? வருத்தப்படாதீங்க."

செபாஸ்தியான் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தான். பிறகு இருதயமேரியைப் பார்த்தான். அவள் காரின் கைப்பிடியை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். விநாயகம் அதையும் சீல் வைக்கக் கேட்டபோது, "இது வூட்டுச் சாமான் சார், மொளகா இடிக்கிறது" என்று சொல்லித் தராமல் வைத்துக்கொண்டவள் அவள்தான். மிளகாய் இடிப்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லாததால் விநாயகம் விட்டுவிட்டார்.

அந்த வாரமே கடைசிப் பரீட்சை. எல்லாம் சமமாகவே வந்துகொண்டிருந்தால் மெட்ராஸில் இருக்கும் முடிவுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்று தலைவருக்குக் கவலை. "வெளியே பார்த்தது போதும். உள்ளே பிரித்துப் பார்ப்போம். உள்நாட்டுச் சரக்கின் தரம் தானாகத் தெரியும்" என்றார். நிபுணர் இல்லாமல் பிரிக்கலாமா என்று கேட்டேன். பிரிப்பதற்கு எதற்கு நிபுணர் என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. மண்டி ஆட்கள் ஒரே நாளில் இரண்டையும் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

விநாயகம் ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, அதில் இருக்கும் முத்திரையைப் படித்தார். முதலில் உள்நாட்டுக் கார். கார்புரேட்டர்: சீமை முத்திரை. பிஸ்டன்: சீமை முத்திரை. கியர், அச்சு, ரேடியேட்டர், எல்லாம் சீமை முத்திரை. கம்பெனிக்காரன் பெட்டி பெட்டியாகச் சீமையிலிருந்து வரவழைத்து இங்கே பூட்டியிருக்கிறான், அவ்வளவுதான். பிறகு சீமைக் கார். வில்லில் கன்னியப்பன் சின்னம். ரேடியேட்டரில் பாத்திரக்காரர் பெயர். அண்டாவை அறுத்த இடத்தில், 'குஞ்சம்மாள் சீர்' என்று வெட்டியிருந்த எழுத்துகூட அப்படியே இருந்தது. எண்ணெய் மூடி விளக்கு செய்கிறவர் வார்த்தது. பிஸ்டன் வளையம் மண்டி எடைக்கல் செய்கிற பட்டறையில் வார்த்தது. சீமை என்று சொல்வதற்கு அந்தோணியார் ஒருவர்தான் இருந்தார்.

அரிகிருஷ்ணன் முகம் செத்துவிட்டது. தலைவர் கொஞ்ச நேரம் மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். பிறகு எழுந்து பேசினார்.

"உள்நாட்டுக் கார் என்றால் உள்நாட்டில் பூட்டிய கார் என்று பொருள். திருகாணி யாருடையது என்பது முக்கியமில்லை. முறுக்கிய கை யாருடையது? நம்முடைய கை. அந்தக் கார் சீமைக் கார்தான். பாகங்களை நம் ஆட்களே செய்திருக்கலாம். ஆனால் அதன் எண்ணம் சீமை."

இதற்கும் நான் கையெழுத்துப் போட்டேன். கை வலித்தது, மனசும் வலித்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. விநாயகம் பாகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமல்லவா? முத்திரையைப் பார்த்து, சீமை முத்திரை உள்ளதையெல்லாம் சாக்குகளில் போட்டு 'சீமை' என்று எழுதினார். மற்றதையெல்லாம் வேறு சாக்குகளில் போட்டு 'உள்நாடு' என்று எழுதினார். சீமைச் சாக்குகளைச் சீமைக் காரின் சொந்தக்காரரிடமும், உள்நாட்டுச் சாக்குகளை உள்நாட்டுக் காரின் சொந்தக்காரரிடமும் ஒப்படைத்தார். லூர்துநாதன் அவிழ்த்துப் பார்த்தார். பளபளவென்று இருந்த ஒரு சாமானும் அவருடையதில்லை. எதுவும் அவர் வண்டியில் பொருந்தாது.

"சார், இது என்னுது இல்ல. இது அவருது."

"உங்கள் கார் எது?"

"சீமைக் காருன்னு சொல்றாங்க சார்."

"சாக்கில் என்ன எழுதியிருக்கிறது?"

"சீமைன்னுதான் இருக்குது."

"அப்புறம் என்ன ஐயா குழப்பம்?"

லூர்துநாதன் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சட்டியும் பானையுமாக வாழ்ந்த மனிதர். அவர் உலகத்தில் குழம்பு வைத்தால் குழம்பு வரும். இந்தக் கணக்கு அவருக்குப் புரியவே இல்லை. "நம்ம வண்டியப் பாத்து நம்ம வண்டி இல்லன்றாங்களே, நான் இன்னாடா பாவம் பண்ணேன்" என்று மாதா கோயில் பக்கம் பார்த்துச் சொன்னார்.

இருதயமேரி ஒரு மாட்டு வண்டியைப் பிடித்தாள். சீமைச் சாக்குகளை அதில் ஏற்றிக்கொண்டு நேராக மண்டிக்குப் போனாள். அங்கே அரிகிருஷ்ணன், கொல்லன் அடித்த வில்லையும் அறுத்த அண்டாவையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"மண்டிக்காரரே, உங்க சாமான் எங்கிட்ட இருக்குது. எங்க சாமான் உங்ககிட்ட இருக்குது. மாத்திக்கலாமா, இல்ல கமிட்டிக்கு எழுதிப் போட்டுட்டு உக்காந்திருக்கலாமா?"

"சாக்குல எழுதி ஒப்படைச்சிருக்கான்மா. மாத்துனா கேஸு போடுவான்."

"உள்நாடுன்னு எழுதுன சாக்கைத்தான் நான் எடுத்துக்கினு போறேன். தேசத்துக்கு எதிரா ஒண்ணும் பண்ணலியே."

அரிகிருஷ்ணனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் மனம் இளகிவிடும். கமிட்டி கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த மத்தியான வேளையில் சாக்குகள் மாறின. பிளக்கைச் சுற்றிக் கட்டியிருந்த பொட்டலமும், மேலே சீமை முத்திரை இல்லாததால், 'உள்நாடு' சாக்குக்குள்ளேயே கிடந்தது. செபாஸ்தியான் தகப்பனுக்குச் சொல்லாமல் சைக்கிளில் வந்தான். கன்னியப்பனும் அவனுமாக உட்கார்ந்து பூட்ட ஆரம்பித்தார்கள். இருதயமேரி சாமானை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். கல்யாணம் ஆகாத பெண் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் கொடுப்பதா என்று சில பெண்கள் முணுமுணுத்தார்கள். பாக்கியம் அவர்களைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்கள். வண்டி செங்கல்லை விட்டுத் தரையில் இறங்கிய அன்று பாக்கியம் என் கடைக்கு வந்தாள். பட்டிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

அரிகிருஷ்ணன் காரும் பூட்டப்பட்டுப் பழையபடி கொட்டகைக்குள் போனது. அது முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கோழி திரும்பி வந்து முட்டையிட்டது.

கல்யாணத்தன்று கமிட்டியும் கோயில் வாசலுக்கு வந்தது. பெரிய மனிதர்கள் என்று லூர்துநாதன் அவர்களுக்கும் பத்திரிகை வைத்திருந்தார். அவருக்கு யாரையும் விட்டுவிட மனம் வராது. அருளானந்தம் படியில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் நல்ல சேதி எதுவும் இல்லை.

அப்போது கார் வந்தது. முன்னால் கன்னியப்பன் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான். லூர்துநாதன் ஓட்டினார். பின்னால் இருதயமேரி, ஒரு கையில் பூச்செண்டு, மடியில் அந்தக் கைப்பிடி. இறங்கியதும் கைப்பிடியைச் செபாஸ்தியானிடம் நீட்டினாள். அருளானந்தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வாம்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டிருந்தால் நூறு தரம் போட்டிருப்பேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் தலைவர் காரைச் சுற்றிப் பார்த்தார்.

"விநாயகம், இது அந்தச் சீமைக் கார் போல இருக்கிறதே."

"இருக்க முடியாது சார். அதன் பாகங்கள் 'சீமை' என்று எழுதிய சாக்கில் இருக்கின்றன. அது ஓடும் நிலையில் இல்லை என்று நேற்றே ரிப்போர்ட்டில் எழுதியாகிவிட்டது. இது ஓடுகிறது. ஆகவே இது வேறு கார்."

"வேறு காரா? அப்படியானால் இது எந்தக் கார்?"

மணப்பெண் இருதயமேரி தலை குனியாமல் பதில் சொன்னாள். "'உள்நாடு'ன்னு நீங்களே எழுதிக் கட்டுன சாக்குல இருந்து பூட்டுனது சார்."

தலைவர் முகம் மலர்ந்தது. "இன்னொரு உள்நாட்டுக் கார். ஊரிலேயே செய்தது. இதைத்தானே இத்தனை நாளாகத் தேடினோம்" என்று கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். சர்க்கார் காரின் பிளக்குகள் மெட்ராஸில் பத்திரமாக இருந்தன. பஸ் அன்றும் வரவில்லை. மாலையும் கழுத்துமாக இருந்த செபாஸ்தியானே கைப்பிடியைச் சுற்றி, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கமிட்டியைத் திண்டிவனம் கொண்டுபோய்ச் சேர்த்தான். போகிற வழியெல்லாம் தலைவர், "இந்த உழைப்பு சீமைக் காருக்கு வருமா? வருமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். வராதுங்க என்று இருதயமேரி ஒவ்வொரு தடவையும் சொன்னாளாம்.

ஆனியில் அச்சடித்த ரிப்போர்ட் ஊருக்கு வந்தது. சாட்சி என்று எனக்கும் ஒரு பிரதி. அதில் இருந்தது இது: 'உள்நாட்டு வண்டி விசாரணைக் காலத்தில் ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரை கமிட்டித் தலைவரையே சுமந்து சென்று ரயிலுக்கு முன்பாகச் சேர்த்தது. சீமை வண்டியோ விசாரணையின் நடுவிலேயே துண்டு துண்டாகப் பிரிந்துபோயிற்று.' லூர்துநாதன் கார் ஓடியது அரிகிருஷ்ணன் கார் கணக்கில் ஏறிவிட்டது. அரிகிருஷ்ணன் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மண்டியில் மாட்டினார். கொஞ்சம் வெட்கம் இருந்தது போலும், சாமி படத்துக்குப் பின்னால் பாதி மறைகிற மாதிரி மாட்டினார்.

ஆடியில் ஒரு மத்தியானம் விநாயகமே வந்தார். திண்டிவனத்தில் பஸ் படுத்துக்கிடந்ததால் வாடகைக் கார் பிடித்து வந்தார். செபாஸ்தியான் கார்தான், வேறெது இருக்கிறது? லூர்துநாதன் வீட்டு வாசலில் இறங்கி, வாடகையைச் சரியாகக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து உத்தரவை எடுத்தார். செஞ்சி லூர்துநாதனின் சீமைக் கார் நம்பகமற்றது என்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. இதைக் கையெழுத்திட்டு வாங்கிய நொடியிலிருந்து அது சாலையில் ஓடக் கூடாது. என்னைச் சாட்சிக்கு ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"சார், அது வேற காருன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றார் லூர்துநாதன்.

"நான் இன்னும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் ரிஜிஸ்டர் எண் ஒன்றாக இருக்கிறது. எண்ணுக்குத்தான் உத்தரவு."

லூர்துநாதன் பேனாவை வாங்கினார். சர்க்கார் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டும், அவருக்குத் தெரிந்தது அதுதான். செபாஸ்தியான் வண்டி மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நைனா, செத்த இரு" என்றாள் இருதயமேரி. விநாயகத்திடம் திரும்பினாள். "சார், நீங்க திரும்பிப் போவணுமில்ல?"

"ஆமாம். சாயங்கால ரயில். நாளை காலை நான் ஆபீஸில் இருக்க வேண்டும்."

"பஸ்ஸு படுத்துக்கிச்சு. நைனா கையெழுத்துப் போட்டுட்டா அந்த நொடியிலருந்து வண்டி ஓடக்கூடாது. விதி அதுதான சார்?"

விநாயகம் உத்தரவைத் திரும்ப ஒரு தடவை படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. அவர் நேர்மையானவர் என்று முன்பே சொன்னேன். தடை போட்ட வண்டியில் ஏறமாட்டார். விடுமுறை எழுதிக் கொடுக்காமல் ஆபீஸுக்குப் போகாமலும் இருக்கமாட்டார். பிறகு லூர்துநாதன் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினார்.

"நான் திண்டிவனத்தில் இறங்கின பிறகு போடுங்கள்" என்றார்.

"போட்டுட்டு யார் கையில குடுக்கிறது சார்?"

"என் கையில்தான் கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் வருகிறேன்" என்று சொல்லி உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். செபாஸ்தியான் கைப்பிடியைச் சுற்றினான்.

சொன்னபடி அடுத்த மாதம் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். இன்றைக்கும் வருகிறார். ஒவ்வொரு தடவையும் லூர்துநாதன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார், ஒவ்வொரு தடவையும் விநாயகம் ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு அதை மூடுகிறார். என்றைக்காவது ஒரு நாள் பஸ் ஒழுங்காக வந்துவிட்டால் என்ன செய்வது என்று பாக்கியம் கேட்கிறாள். அந்தக் கவலை எனக்கில்லை. திண்டிவனம் பஸ் இதுவரை எங்களைக் கைவிட்டதில்லை.